ரேடியோ வாசித்த கடிதங்கள்

இரண்டாம் வகுப்பில் நாற்பத்தோரு பிள்ளைகள், பதினோரு பெஞ்சுகள். அதில் ஒரு பெஞ்சுக்கு மூன்று கால்தான் ஒழுங்கு. நாலாவது காலுக்குக் கீழே செங்கல் வைத்திருந்தார்கள். அந்தச் செங்கல் பெஞ்சில், ஜன்னலை ஒட்டி, ரேடியோ உட்கார்ந்திருப்பாள்.

ரேடியோ என்பது டீச்சர் வைத்த பெயர். பதிவேட்டில் வேறு நல்ல பெயர் ஒன்று இருந்தது, ஆனால் வருகை எடுக்கும் நேரம் தவிர அதை யாரும் சீந்துவதில்லை. ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அப்படியே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்லிவிடுவாள். டீச்சர் நடுவில் இருமியிருந்தால் இருமல் விழுந்த இடத்தில் அவளும் கொஞ்சம் நிறுத்துவாள். ஏழு வயதுக்கு அந்தக் குரல் அதிகம். மூன்றாம் வகுப்பு டீச்சர் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "உங்க ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சு வைங்க, என் பிள்ளைங்களும் சேர்ந்து உங்க பாடத்தைப் படிக்குதுங்க" என்று கத்துவாள்.

வாசிப்பு நடந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும், வினையே அங்கேதான் தொடங்கியது. டீச்சர் ஒரு வரி வாசிப்பாள். பிள்ளைகள் அந்த வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு எல்லாரும் ஒன்றாகத் திருப்பிச் சொல்வார்கள். அடுத்த வரி. அடுத்த வரி. பதினாறு வருஷம் இப்படிக் கத்தியதில் டீச்சருடைய தொண்டை கெட்டுப்போயிருந்தது. அதனால் முதல் இரண்டு முறை அவள் சொல்வாள், அதற்கப்புறம் ரேடியோவை எழுப்பி நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வாள். ரேடியோ சொல்ல, மற்ற நாற்பது பேரும் பின்னாலேயே சொல்வார்கள். பார்ப்பவர்களுக்கு அது அருமையான வகுப்பாகத்தான் தெரியும்.

நாற்பத்தோரு வாயும் ஒரே நேரத்தில் திறக்கும்போது யார் எழுத்தைப் பார்க்கிறார்கள், யார் சும்மா வாயசைக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, படம் இல்லாத பக்கத்தைக் கொடுத்து, தனியாக வாசிக்கவிட வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். கடைசி பெஞ்சில் ஆறு பேருக்கு வாசிக்க வராது என்பது டீச்சருக்குத் தெரியும். இருக்கிற பொறுமையை அவர்களுக்கே செலவு செய்தாள். ரேடியோவைச் சோதிக்க வேண்டும் என்று அவளுக்கு ஏன் தோன்றப்போகிறது? வகுப்பையே நடத்துகிறவளை யாராவது சோதிப்பார்களா?

பள்ளி ஆய்வாளர் வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

குட்டையான மனிதர், அக்குளில் தோல் பை. வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேடுகளைக் கேட்டார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நல்லா வாசிக்கிற பிள்ளை ஒண்ணைக் கூப்பிடுங்க" என்றார். டீச்சர் ரேடியோவைக் கூப்பிட்டாள். ஆய்வாளர் புத்தகத்தை வாங்கி, கைக்கு வந்த இடத்தில் திறந்து, "இதை வாசி, பாப்போம்" என்று நீட்டிவிட்டு மறுபடி பதிவேட்டில் குனிந்துகொண்டார்.

அவர் திறந்த பக்கத்தில் படம் இல்லை. மழைப் பாடத்தின் இரண்டாம் பக்கம் அது. முழுக்க எழுத்து. ரேடியோ ஒரு நொடி பக்கத்தை மேலும் கீழும் பார்த்தாள், விரலை முதல் வரிக்கு அடியில் வைத்தாள், மணி அடித்த மாதிரி தொடங்கினாள். "எறும்பு சர்க்கரைக் கட்டியை உருட்டியது. வாசல்வரை வந்ததும் மூச்சு வாங்கியது. தங்கையே, ஒரு கை கொடு என்றது."

அது எறும்புப் பாடம். நாலு பக்கம் முன்னால் இருக்கிறது.

டீச்சர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் ஒழுங்காக ஒவ்வொரு வரியாக நகர்ந்தது. விரலுக்கு மேலே குடையும் வாய்க்காலும் தவளையும் இருந்தன, வாயில் எறும்பு உருண்டது. ஆய்வாளர் பேனாவை மூடிவிட்டு நிமிர்வது தெரிந்ததும், அவள் கை தன்னால் நீண்டு இரண்டு தாளைப் பின்பக்கம் புரட்டிவிட்டது. இப்போது எறும்புப் பாடத்தில் விரல், வாயிலும் எறும்பு. ஆய்வாளர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "உச்சரிப்பு நல்லா இருக்கு. பேஷ்."

ரேடியோ திரும்பி டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். திருட்டுச் சிரிப்பு இல்லை. பக்கம் மாறியிருந்தது, டீச்சர் சரி செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு டீச்சரும் பதிலுக்குச் சிரித்தாள்.

ஆய்வுக் குறிப்பில் 'இரண்டாம் வகுப்பில் வாசிப்பு நன்று' என்று எழுதினார். தலைமை ஆசிரியர் அதைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் படித்துக் காட்டினார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ரேடியோவைத் தனியாக உட்காரவைத்து முதல் எழுத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று டீச்சர் முடிவு செய்தாள். உண்மையாகத்தான் முடிவு செய்தாள். ஆனால் திங்கட்கிழமை கணக்குத் தேர்வு வந்தது, செவ்வாய்க்கிழமை அவளுடைய மகனுக்குக் காய்ச்சல், அதற்கடுத்த வாரம் கூரை ஒழுகியது. தள்ளிப்போடுகிறவர்களுக்குக் காரணமா கிடைக்காது?

அந்த வார வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் வந்தது. ரேடியோவின் அப்பா வெல்டர். இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்யும் பட்டறையில் வேலை. சட்டை முழுக்கப் பொறி பட்ட பொத்தல்கள். பெஞ்சில் உட்காரக் கூச்சப்பட்டு கதவோரமாகவே நின்றார். அவர் மனைவி வருஷத் தொடக்கத்திலேயே வெளியூருக்கு, தையல் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் ரயில் பயணம். விடுதியில் தங்கி, மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். தெருவில் யார் வீட்டிலும் போன் இல்லாத காலம்.

"பாப்பா எப்படிப் படிக்கிறா டீச்சர்?" என்று கேட்டார். "எனக்குக் கைநாட்டுதான். அவ அம்மாதான் எட்டு வரைக்கும் போனவ. கடிதம் வந்தா நம்ம கம்பவுண்டர் அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போறேன். நல்ல மனுஷன்தான். ஆனா ஊசி போட வந்தவங்க எல்லாரும் உட்கார்ந்திருக்கையில, 'என்னப்பா, உன் பொண்டாட்டி தலையணை உறையை மாத்துன்னு எழுதியிருக்கா'ன்னு சத்தமா வாசிப்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க."

சுற்றிலும் நின்ற பெற்றோர்களும் சிரித்தார்கள். வெல்டரும் சிரித்தார், ஆனால் காது மடல் சிவந்திருந்தது. அந்தக் காதைப் பார்த்து டீச்சருக்கு மனசு இளகிவிட்டது. பக்கத்தில் தலைமை ஆசிரியர் வேறு நின்றார். "இனிமே யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்" என்றாள் டீச்சர். "உங்க பொண்ணுதான் இந்த வகுப்புலயே நல்லா வாசிக்கிறவ. ஆய்வாளரே பேஷ்னு சொல்லிட்டுப் போனாரு."

வெல்டர் கைகூப்பினார். அந்தக் கூப்பிய கையை டீச்சர் பின்னாளில் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் போனது. ரேடியோ வகுப்பை நடத்தினாள், டீச்சருடைய தொண்டை தேறியது, திங்கட்கிழமைகள் வந்து வந்து போயின.

ஒரு நாள் மதியம் பிள்ளைகள் எல்லாரும் சாப்பாட்டுக்கு வெளியே போன பிறகும் ரேடியோ பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் மேஜையருகே நின்றாள். கையில் நீளமான பழுப்பு உறை.

"இது அம்மா எழுத்து இல்ல டீச்சர்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அம்மா எழுத்து சாஞ்சு இருக்கும். இது நேரா நிக்குது. அப்பா நேத்து படிக்கச் சொன்னாங்க. நான் எப்பவும் போலப் படிச்சேன். ஆனா எனக்குப் பயமா இருக்கு."

டீச்சர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினாள். விடுதிக் காப்பாளர் எழுதியது. ஒரே பக்கம்தான். போன மாதம் இருபதாம் தேதி அதிகாலையில் ஆஸ்பத்திரியில் அந்த அம்மாள் இறந்துவிட்டதாகவும், அனுப்பிய தந்தி முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டதாகவும், அதற்கு மேல் காத்திருக்க முடியாமல் அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகவும் எழுதியிருந்தது. விடுதிப் பெண்கள் பன்னிரண்டு பேர் கூட இருந்தார்களாம். 'அவருடைய பெட்டி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. இத்தனை கடிதம் எழுதியும் ஒருவரும் வரவில்லையே என்பது எங்கள் எல்லோருக்கும் வருத்தம்' என்று முடித்திருந்தார்.

டீச்சர் அதை இரண்டு தரம் படித்தாள். ரேடியோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் முகத்தை நன்றாகப் படிக்கும். டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்பாகிட்ட என்னன்னு படிச்ச கண்ணு?"

"அன்புள்ள உங்களுக்கு. நான் நலம். இங்கே மழை பெய்கிறது. குடை பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். பாப்பாவைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும். தலையணை உறையை மாற்றவும். இப்படிக்கு அன்புடன் அம்மா." ஒரே மூச்சில் ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். மழையும் குடையும் பாடப் புத்தகத்திலிருந்து வந்தவை. தலையணை உறை கம்பவுண்டர் வாசித்ததிலிருந்து வந்தது.

"இதுல அப்படி எழுதியிருக்கா?"

ரேடியோவுக்குக் கேள்வி புரியவில்லை. "பாடம்னா நீங்க முதல்ல சொல்லுவீங்க, நாங்க பார்த்துட்டே சொல்லுவோம். கடிதத்துக்கு யாரும் முதல்ல சொல்லலை. அம்மா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதைப் பார்த்துட்டே சொன்னேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "படிக்கிறதுன்னா அதுதானே டீச்சர்?" என்றாள்.

அவள் பொய் சொல்லவே இல்லை. அவளுக்குப் படிப்பு என்று காட்டப்பட்டது அதுதான். காட்டியவள் எதிரில் நிற்கிறாள். டீச்சருக்கு அழுகை முட்டியது, ஆனால் அழுவதற்குத் தனக்கு என்ன உரிமை என்று தன்மேலேயே கோபமும் வந்தது.

மற்ற கடிதங்கள் எங்கே என்று கேட்டாள். புத்தகப் பையிலேயே இருந்தன. வாய்ப்பாட்டுப் புத்தகத்துக்குள் நாலு கடிதம், மடிப்புக் கலையாமல். "ரொம்பப் பத்திரமா வெச்சிருக்கியே" என்று சொல்லிவிட்டு, அவளை வெளியே போய்ச் சாப்பிடச் சொன்னாள். அவள் கிளம்பி, வாசலில் ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

செங்கல் பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் நாலையும் படித்தாள்.

முதலாவது சாதாரணக் கடிதம். ஒரு வாரமாக வயிற்றில் வலி, கம்பெனி டாக்டர் மாத்திரை கொடுத்தார், கவலைப்பட வேண்டாம் என்று இருந்தது. இரண்டாவதில் பாப்பாவின் பதில் கடிதம் கிடைத்ததாக எழுதியிருந்தாள். கிளம்புவதற்கு முன்னாலேயே தன் முகவரியை எழுதி ஒரு கட்டு உறை வைத்துவிட்டுப் போனவள் அவள். அதில் ஒன்றில் ரேடியோ பதில் அனுப்பியிருக்கிறாள். 'கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் எறும்பு சர்க்கரைக் கட்டியை உருட்டிய கதையை முழுதாகப் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு யோசனை வந்தது. இவளுக்கு இன்னும் படிக்க வரவில்லை. என் கடிதத்தை இவளா உங்களுக்கு வாசிக்கிறாள்? வேண்டாம். கம்பவுண்டர் அண்ணனிடமே கொடுங்கள். அவர் கேலி செய்தால் செய்யட்டும்.'

எழுநூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு ஒரே தாளில் தெரிந்துவிட்டது. ஐந்தடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்துவிட்டாள்.

மூன்றாவது கடிதம் ஆஸ்பத்திரியிலிருந்து. வயிற்றில் கட்டி, அறுத்து எடுக்க வேண்டும் என்கிறார்கள், அதற்கு வீட்டு ஆள் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். 'கைநாட்டு வைத்தால்கூடப் போதுமாம், நான் கேட்டுவிட்டேன். நீங்கள் கூச்சப்பட வேண்டாம். தந்தி கொடுக்கலாம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். தந்தியைக் கண்டால் நீங்கள் பாதி வழியிலேயே உயிரை விட்டுவிடுவீர்கள், அப்புறம் எனக்கு யார் கைநாட்டு வைப்பது? இதை யாராவது பெரியவர்களிடம் கொடுத்துப் படியுங்கள். உடனே வாருங்கள்.' கடைசி இரண்டு வார்த்தைக்கும் அடியில் கோடு போட்டிருந்தாள்.

நாலாவதில் எழுத்து சாய்ந்து சாய்ந்து வரியை விட்டே இறங்கியிருந்தது. நாலே வரிதான். 'இந்தக் கடிதத்தை யார் எடுத்துப் பார்த்தாலும் தயவு செய்து அவரிடம் சொல்லுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. என் மகள் சின்னப் பிள்ளை. உடனே வாருங்கள்.' மறுபடி அதே கோடு.

மணி அடித்தது. பிள்ளைகள் கைகழுவிவிட்டு ஈரக்கையோடு ஓடி வந்தார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீச்சர் பட்டறைக்கு நடந்தாள்.

பட்டறை தெருமுனையில், சைக்கிள் கடைக்கு அடுத்தது. வெல்டர் கருப்புக் கண்ணாடியோடு குந்தி ஒரு கேட்டுக்குப் பூ வளைவு ஒட்டிக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து, "பாப்பா ஏதாச்சும் சேட்டை பண்ணிட்டாளா?" என்று சிரித்துக்கொண்டே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு அவள் கையிலிருந்த உறைகளைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக இறங்கியது.

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் டீச்சர் யோசித்து வந்திருந்தாள். ஒன்றும் உதவவில்லை. பட்டறைக்குப் பின்னால் இரும்புத் துண்டுகள் குவிந்திருந்த இடத்தில் அவரை உட்காரவைத்து, இறந்த செய்தியை முதலில் சொன்னாள். பிறகு, அவர் கேட்டதால், ஐந்து கடிதத்தையும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் வாசித்தாள்.

வெல்டர் கத்தவில்லை. "கைநாட்டு போதும்னா எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா."

அவர் வலது கட்டைவிரலைப் பார்த்தார். கரியும் தழும்புமாக இருந்தது. அதை மற்ற கையால் மூடிக்கொண்டார். "நீங்க சொன்னீங்கன்னுதான் டீச்சர் கம்பவுண்டர்கிட்ட போகலை" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்ததைத் தனக்கே வரிசையாகச் சொல்லிக்கொள்கிற குரல். "அங்கயும் எப்பப் பார்த்தாலும் மழையா இருக்கேன்னு நினைச்சேன். பாப்பாகிட்டகூடக் கேட்டேன், என்னடி உங்கம்மா ஊர்ல வெயிலே அடிக்காதான்னு."

"நான்தான் சொன்னேன்" என்றாள் டீச்சர். "அவளுக்குப் படிக்க வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

வெல்டர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"ஒண்ணும் சொல்லலை."

"அம்மா இல்லைங்கிறதை நான் சொல்லிக்கிறேன். மத்தது வேண்டாம். அவ வாசிச்சதாலதான்னு அவளுக்குத் தெரியவே கூடாது." கடிதங்களை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். இரண்டடி தூரத்தில் கம்பி வளைக்கச் சூடாக்கும் காஸ் அடுப்பின் நீலத் தீ இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்ததை டீச்சரும் பார்த்தாள். பிறகு அவர் எழுந்து போய்த் தீயை அணைத்துவிட்டு வந்தார். "எரிக்கவும் முடியாது. அவ அம்மா கையெழுத்து. அவளுக்குன்னு மிச்சம் இருக்கிறது இதுதான். பெரியவளானா கேப்பா."

"வெச்சிருங்க."

"அவளுக்கு நிஜமா படிக்க வர்றதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"ஒழுங்கா சொல்லிக்குடுத்தா நாலு மாசம்."

வெல்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் மெதுவாச் சொல்லிக்குடுங்க டீச்சர்" என்றார்.

வெல்டர் அந்த ஊருக்குப் போய் பெட்டியை வாங்கி வந்தார். மூன்று வாரம் கழித்து ரேடியோ பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அப்பா பின்னிவிட்ட சடை ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் இப்போது கூட்டமாக வாசிக்கவிடுவதை அடியோடு நிறுத்தியிருந்தாள். அட்டையில் எழுத்துகளைத் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக மேஜைக்குக் கூப்பிட்டாள். படங்களை ஒரு தபால் அட்டையால் மறைத்தாள். வகுப்பு ஓசையில்லாமல் இருந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர், "என்ன, ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்க வாயெடுத்து, நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மதிய நேரம் ரேடியோவுக்கென்று ஒதுக்கியது. வாரத்துக்கு இரண்டே எழுத்து என்று டீச்சர் கணக்கு வைத்தாள். மெதுவாக. ஆனால் அந்தப் பிள்ளை மெதுவாகப் படிக்கிற பிள்ளையா? இரண்டைக் கொடுத்தால் அடுத்த நாள் நாலோடு வந்தாள். கடைப் பலகையில் பார்த்தேன், பஸ்ஸில் பார்த்தேன், கண்டக்டர் அண்ணா சொல்லிக்கொடுத்தார் என்பாள். ஒருநாள் டீச்சர் வேண்டுமென்றே பழைய எழுத்துகளையே மறுபடி போட்டாள். ரேடியோ பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "சீக்கிரம் சொல்லிக்குடுங்க டீச்சர். அம்மா கடிதம் எல்லாம் அப்பா டிரங்குப் பெட்டியில வெச்சிருக்காங்க. நானே படிச்சுக்கிட்டா அம்மா பேசுற மாதிரி இருக்கும்" என்றாள்.

டீச்சர் அன்றைக்கு வீட்டுக்குப் போய், தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். மெதுவாகச் சொல்லிக்கொடுத்தால் மறுபடி ஒரு பிள்ளையை ஏமாற்றியதாகும். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் டிரங்குப் பெட்டி திறக்கும். பதினாறு வருஷத்தில் ஒரு பிள்ளைக்குப் படிப்பு வந்துவிடுமே என்று அவள் பயந்தது இதுதான் முதல் தடவை.

இரண்டாவது மாதம் முடிவதற்குள் ஒரு மதியம் அது நடந்தது. டீச்சர் சிலேட்டைக் கொடுத்து, "உனக்குத் தெரிஞ்சது எதையாவது எழுது" என்றாள். அம்மா, படம், மரம் என்று எழுதுவாள் என்று நினைத்தாள். ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுத்துகள் வழக்கம்போல நேராக நிற்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. இரண்டு வார்த்தை. எழுதி முடித்ததும் அடியில் ஒரு கோடு இழுத்தாள்.

"இது அம்மா கடிதத்துல கடைசியில இருக்கும் டீச்சர். ரெண்டு கடிதத்துல இருக்கு. நான் இதை 'அன்புடன் அம்மா'ன்னு அப்பாவுக்குப் படிச்சேன்." சிலேட்டைத் திருப்பி டீச்சருக்குக் காட்டினாள். "சரிதானே?"

சரி என்று சொல்லிவிடலாம். ஒரு தலையாட்டல் போதும். டீச்சரின் கை மேஜைமேல் இருந்தது, சிலேட்டைத் துடைக்கிற துணி அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் தலையை ஆட்டவும் இல்லை, துணியை எடுக்கவும் இல்லை. அவள் பேசாமல் இருந்ததும் ரேடியோவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிலேட்டைத் தன் பக்கம் திருப்பி, முதல் வார்த்தையை விட்டுவிட்டு இரண்டாவதில் விரலை வைத்தாள். அந்த வார்த்தையின் எழுத்துகள் எல்லாமே இப்போது அவளுக்குத் தெரியும்.

"வா" என்றாள். விரல் நகர்ந்தது. "ரு." நிறுத்தினாள். உதடு சத்தமில்லாமல் அசைந்தது. இந்த முறை யாரும் முதலில் சொல்லவில்லை. "ங்... கள். வாருங்கள்."

முகம் மலர்ந்தது. தானாகப் படித்த முதல் வார்த்தை. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள், ஏற்ற இறக்கம் இல்லாமல், எழுத்தில் இருந்தபடியே. அப்புறம் அந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது.

"டீச்சர்," என்றாள், "அம்மா யாரை வரச் சொன்னாங்க?"

டீச்சர் மேஜையைச் சுற்றி வந்து செங்கல் பெஞ்சில் அவளை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. ரேடியோ பதிலுக்குக் காத்திருந்தாள், விரல் இன்னும் அந்த வார்த்தைக்கு அடியிலேயே இருந்தது. திருப்புவதற்கு இந்தத் தடவை பக்கம் எதுவும் இல்லை.